வானின் பின்னாசனத்துக்குக் குளிர்ச்சி எங்கே?

குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்வோர்க்கு வானின் பின்புறக் குளிரூட்டி ஓர் ஆடம்பரமன்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உச்சி வெயிலில் வவுனியாவைக் கடக்கும்போது, முன்னாசனத்திற் குளிர்காற்று வீசினும், பின்னாலிருக்கும் சிறுவரும் முதியோரும் புழுக்கத்தால் வாடுவர். ஆளியைத் திருகியும் பயனில்லையெனின், "பலகை பழுது, மாற்றிவிடுவோம்" என்பதே பலரது முடிவு. மாற்றுவது எளிது, பழுது அங்கேதான் உள்ளதா என அறிவதன்றோ முதற் கடமை!

அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனி தனது 1940ஆம் ஆண்டுக் கார்களிற் குளிரூட்டியைப் பொருத்தியது. அதனை முற்றாக நிறுத்தவேண்டின், இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, பட்டியைக் கழற்றவேண்டியிருந்தது. இன்று விரலசைவு போதும். ஆயினும் பலகை கட்டளையிடுவதே. வேலை செய்வன வேறு உறுப்புகள்.

ரொயோட்டா ஹயஸ் போன்ற இரட்டைக் குளிரூட்டி வான்களில், முன்னுக்கும் பின்னுக்கும் வாயுவை அமுக்கி அனுப்புவது ஒரே அமுக்கி. பின்புறத்துக்குத் தனி விசிறி உண்டு. அது எந்த வேகத்திலும் சுழலாவிடின் முதலில் உருகியைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவினதையே இடுக; பெரியதை இட்டாற் கம்பி சூடேறித் தீப்பற்றவும் கூடும். உச்ச வேகத்தில் மட்டும் சுழலுமாயின், பெரும்பாலும் பழுதானது வேகத்தைக் குறைக்கும் தடையே. உச்ச வேகத்தில் மின்னோட்டம் அதனூடாகச் செல்வதில்லை. காற்று வந்தும் குளிர் வராவிடின், வாயுக்குழாய்களையும் வால்வையும் தொழில் தெரிந்தவர் சோதிக்கவேண்டும். ஆளியை அசைக்குந்தோறும் விசிறி ஓடுவதும் நிற்பதுமாயின் பலகையை ஐயுறலாம்.

பலகைதான் பழுதெனத் தெரிந்தபின், அதனைக் கழற்றிக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பஞ்சிகாவத்தையிற் பழைய உதிரிப்பாகம் வாங்கினும், இலக்கமும் பின்புறச் செருகியின் முனைகளும் ஒத்திருத்தல் அவசியம். தோற்றம் ஒத்திருந்தாற் போதாது.

கழற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி, பற்றறியின் எதிர்முனைக் கம்பியை நீக்குக. கூரையோரத்திற் பாதுகாப்புக் காற்றுப்பை உள்ள வானாயின், வேலையைக் கராஜிடம் விடுவதே நன்று. மற்றவற்றில், மறைந்திருக்கும் திருகாணிகளை முதலிற் கழற்றி, பலகையின் ஓரத்தைப் பிளாஸ்டிக் ஆப்பினால் மெல்ல நெம்புக. இரும்புத் திருப்புளி கொழுவிகளை முறித்துவிடும். செருகியின் பூட்டை அழுத்தி விடுவித்தபின்னரே அதனை இழுக்கவேண்டும்; கம்பியைப் பிடித்திழுத்தல் ஆகாது. புதிய பலகையைச் செருகி, பற்றறியை இணைத்து, எல்லா வேகங்களையும் இயக்கிப் பார்த்தபின் பலகையை அதனிடத்தில் அழுத்திப் பொருத்துக.

பின்னாசனத்திலிருப்போர் பெரும்பாலும் முறையிடத் தெரியாத மழலைகளும், முறையிட விரும்பாத முதியோருமே. ஆகவே பயணத்துக்கு முன்தினம், வானைச் செலுத்துவோர் சிறிது நேரம் பின்னே அமர்ந்து பார்ப்பாராக. வழியிற் படவேண்டிய துன்பத்தை அதுவே முன்கூட்டி உணர்த்திவிடும்.