வலியை மறைத்தல் வேண்டா

வயிற்றுவலி சிறுவர்க்கு அடிக்கடி வருவதே. பெரும்பாலும் அது தானே தணிந்துவிடும். ஆனால், ஒருவகை வயிற்றுவலியை மட்டும் பொறுத்துக்கொண்டிருத்தல் கூடாது. அது குடல்வால் அழற்சியால் உண்டாவது.

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே, வயிற்றின் வலப்புறத்தில், சுண்டுவிரல் போன்ற சிறு குழாய் ஒன்று உள்ளது. அதுவே குடல்வால். அதன் ஒரு முனை மூடியிருக்கும். இறுகிய மலத்துணுக்கு முதலியவை மறுமுனையை அடைத்தால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகும், குழாய் வீங்கும், சீழ் பிடிக்கும். இந்நோய் எவ்வயதிலும் வரலாம். எனினும், 10 முதல் 30 வயது வரை உள்ளோரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

வலி முதலில் கொப்பூழைச் சுற்றித் தோன்றும். சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து அங்கேயே நிலைக்கும். இருமினாலும் குதித்தாலும் கூடும். பசி இராது, குமட்டல், வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவையும் வரும். இவை எல்லாரிடமும் ஒருசேரத் தோன்றுவதில்லை. ஆகவே மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து முடிவு செய்வார்.

சித்தூரில் அரசு மருத்துவமனை உள்ளது. திருப்பதியில், 1960இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா மருத்துவமனை உள்ளது. அங்கெல்லாம் வயிற்றுவலியைக் 'கடுபு நொப்பி' என்பர். தெலுங்கில் 'கடுபு' என்பது வயிறு. 'நொப்பி' என்பது வலி. நம் 'நோவு' என்னும் சொல்லுக்கு இது உறவு. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் மாணவர், வலி எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது என்னும் மூன்றையும் இருமொழியிலும் சொல்லப் பழகுதல் நன்று. மருத்துவர்க்கு முதலில் வழிகாட்டுவது நோயாளியின் சொல்லே.

தேர்வு போய்விடுமே என்று வலியை மறைப்போரும் உண்டு. விளக்கெண்ணெய் குடித்துக் காத்திருப்போரும் உண்டு. இரண்டும் தீங்கு. காலம் கடந்தால் குடல்வால் வெடித்து, சீழ் வயிற்றினுள் பரவும். உயிருக்கே இடர் நேரலாம்.

1735இல் இலண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்னும் மருத்துவர் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் குடல்வாலை அகற்றினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. இன்றோ நோயாளி வலியறியாது உறங்குகையில், சிறு துளைகளின் வழியே குடல்வாலை அகற்றிவிடுகின்றனர். வெடிக்குமுன் அகற்றினால், பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். ஓரிரு வாரத்தில் பள்ளிக்கும் செல்வர். வெடித்தபின் அகற்றினால், மருத்துவமனையில் பல நாள் தங்க நேரும்; புண்ணில் சீழ் பிடிக்கவும் கூடும். குடல்வாலை இழப்பதால் செரிமானம் குறைவதில்லை. காலத்தை இழப்பதே கேடு.

சொற்பொருள்
அழற்சி – வீக்கமும் வலியும் உண்டாதல்
கொப்பூழ் – தொப்புள்
இடர் – துன்பம்

வினாக்கள்
1. குடல்வால் அழற்சியில் வலி எங்ஙனம் இடம் மாறுகிறது?
2. வெடிக்குமுன் அகற்றுவதற்கும் வெடித்தபின் அகற்றுவதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. மருத்துவரிடம் வயிற்றுவலியைப் பற்றிக் கூறுவதுபோல் ஐந்து தொடர்கள் எழுதுக.