காரில் பாட்டரிக்கு உரிய இடம்



அம்பத்தூருக்கு வடக்கே செங்குன்றத்தைக் கடந்து சென்றால் சோழவரம் வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. பின்னாளில் அதில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. தொழிற்சாலைக் கார்களோடு, ஆர்வலர்கள் சிறு பட்டறைகளில் தாமே கட்டிய கார்களும் அங்கே ஓடின. பழைய எஞ்சினைப் புதிய சட்டத்தில் பொருத்தும் எவருக்கும் ஒரு வினா எழும்: பாட்டரியை எங்கே வைப்பது?

இவ்வினாவுக்கு விடை கூறுவது நெம்புகோல் விதி. வகுப்பில் நான் அடிக்கோல் ஒன்றைப் பென்சிலின்மேல் சமமாக நிறுத்தி, அதன்மேல் ஒரு காசை நகர்த்திக் காட்டுவதுண்டு. காசின் எடை மாறுவதில்லை. இடம் மாறியதும் கோல் சாய்ந்துவிடும்.

காரின் இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் தூரம் என்று கொள்வோம். முன் அச்சுக்கு நேர்மேலே உள்ள 15 கிலோ பாட்டரியைப் பின் அச்சுக்கு நேர்மேலே மாற்றினால், அந்த 15 கிலோவும் பின் சக்கரங்களைச் சேரும். இன்னும் அரை மீட்டர் பின்னே தள்ளினால் பின் சக்கரங்கள் சுமப்பது 18.75 கிலோ, முன்புறத்திலோ 3.75 கிலோ சுமை குறையும். அவ்வளவு தூரம் தள்ளிய பாரம் வளைவுகளில் காரை எளிதில் திரும்பவும் விடாது. ஆகவே இருக்கைக்குப் பின்னால், இரு அச்சுகளுக்கும் நடுவே, தாழ்வாக வைப்பது நலம். 1959இல் வெளிவந்த மினி காரில் எஞ்சின் முன்னே நெருக்கமாக அமைந்தது. பாட்டரியோ பின்புறச் சாமான் அறைக்குச் சென்றது.

இடம் மாறினால் கம்பியும் நீளும். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்க. 3 மீட்டர் நீளமும் 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியில் ஏறத்தாழ அரை வோல்ட் வீணாகும். 35 சதுர மில்லிமீட்டர்க் கம்பியானால் இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவே.

என்னிடம் பயின்ற இளைஞர் சிலர் ஆவடியில் ஒரு கொட்டகையில் கார் கட்டினார்கள். எடையைக் கணக்கிட்டார்கள்; கம்பியையும் தடிப்பாகவே வாங்கினார்கள். ஆனால் தகட்டில் இட்ட துளைக்கு ரப்பர் வளையம் பொருத்தவில்லை, ஃபியூஸும் வைக்கவில்லை. கார் அதிர அதிர, தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிட்டது. புகை எழுந்தது. சாவியைத் திருப்பியும் அது அடங்கவில்லை. ஏன்? பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த கம்பி சாவியின் வழியாகச் செல்வதில்லை. ஒருவன் ஓடிச்சென்று இணைப்பைக் கழற்றினான். கார் தப்பியது, அவன் உள்ளங்கை வெந்தது.

ஆகவே தக்க ஃபியூஸும் மின்னோட்டத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்சும் பாட்டரிக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். ஃபியூஸ் மறுமுனையில் இருந்தால் இடையில் உள்ள கம்பிக்குக் காவல் இல்லை. பாட்டரி அசையாதபடி இரும்புப் பட்டையால் இறுக்கப்படவேண்டும். மின்னேற்றும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், அது தீப்பற்றக்கூடியது. எனவே மூடிய பெட்டியும், வாயுவை வெளியேற்றும் குழாயும் வேண்டும்.

பொருளை நகர்த்துவது அரைமணி வேலை. அதனோடு நகரும் பாரத்தையும் மின்னோட்டத்தையும் ஆபத்தையும் எண்ணிப்பார்ப்பதே கல்வி.