ஓரறைக் குடியிருப்பில் அறைக்கலன்களால் இடம் பிரித்தல்

ஸ்டூடியோ அப்பார்ட்மென்ட் என்பது படுக்கை, அமர்வு, சமையல் ஆகிய மூன்றும் ஒரே அறைக்குள் அடங்கி, குளியலறை மட்டும் தனியே அமைந்த குடியிருப்பு ஆகும். மும்பையில் 'ஒன் ஆர்கே' எனப்படும் வீடு இதற்கு நெருங்கியது. அதில் சமையலறையும் தனி. இத்தகைய அறையில் படுக்கும் பகுதியையும் புழங்கும் பகுதியையும் சுவர் எழுப்பாமல், புத்தக அலமாரி, சோபா, பீரோ, மடிப்புத் திரை போன்ற பொருள்களைக் கொண்டே பிரித்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உள்ளது.

சுவரைத் தவிர்ப்பதற்கு வாடகைதாரருக்கு வீட்டுக்காரர் அனுமதிக்கமாட்டார் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது சன்னல். ஓரறை வீடுகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே சன்னல் இருக்கும். நடுவே சுவர் வைத்தால் ஒரு பாதி இருட்டறை ஆகிவிடும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, வசிக்கும் அறை ஒன்றே உள்ள வீட்டில் அதன் பரப்பு 9.5 சதுர மீட்டருக்குக் (சுமார் 102 சதுர அடி) குறையக்கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் சன்னல் முதலிய திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சன்னல் இல்லாத பாதி இந்தக் கணக்கில் அறையே ஆகாது.

எவ்வளவு உயரம்?

தடுப்பு கூரை வரை உயர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. சோபாவில் அமர்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருக்கும். கட்டிலின் மேற்பரப்போ இரண்டடிக்கும் குறைவு. எனவே கட்டிலை ஒட்டி நான்கு, நாலரை அடி உயரத்தில் ஒரு தடுப்பு இருந்தால், விருந்தினர் கண்ணுக்குக் கலைந்த படுக்கை தெரியாது. நிற்பவருக்குத் தெரியும், நின்றபடியே பேசிவிட்டுப் போகும் விருந்தினர் குறைவுதானே. உலகெங்கும் இதற்குப் பரவலாகப் பயன்படும் ஐக்கியாவின் 'கல்லாக்ஸ்' அடுக்கின் ஒரு வகை 147 செ.மீ. உயரமும் 77 செ.மீ. அகலமும் 39 செ.மீ. ஆழமும் கொண்டது. 2014இல் 'எக்ஸ்பெடிட்' என்ற அடுக்குக்கு மாற்றாக வந்த இதற்குப் பின்பலகை கிடையாது. அதனால் ஒளி ஊடுருவும். இருபுறமிருந்தும் பொருள் எடுக்கலாம்.

நம் வீடுகளில் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவது இரும்பு பீரோ. ஆறரை அடி உயரம், பின்புறம் மொட்டைத் தகடு, ஒளியும் காற்றும் புகாத உடல். தடுப்பாக அது கடைசித் தேர்வாகவே இருக்க வேண்டும்.

காற்றோட்டம்

வெப்பநாட்டில் அறை பிரிப்பதன் வெற்றி தோல்வியை முடிவு செய்வது மின்விசிறிக் கொக்கிதான். பெரும்பாலான அறைகளில் அது ஒன்றே, அதுவும் நடுவில். அதற்குச் சற்றுத் தள்ளி உயரமான மூடிய தடுப்பை வைத்தால், காற்று முழுவதும் ஒரு பக்கத்துக்கே போகும். மறுபக்கத்தில் படுப்பவர் வியர்வையில் புரள்வார். தடுப்புக்கு மேலே நான்கடியாவது திறந்திருப்பதும், கீழே கால்கள் வைத்து அரையடி இடைவெளி விடுவதும் உதவும். துடைப்பமும் உள்ளே போகும். குளிர்சாதனக் கருவி உள்ள அறையில் சிக்கல் வேறு விதமானது. கருவி தன் அருகிலுள்ள காற்றின் வெப்பநிலையையே உணர்கிறது. ஆகவே தன் பக்கம் குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மறுபக்கம் வெம்மையாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

12 அடி அகலம், 20 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு குறுகிய பக்கத்தில் வாசலும் சமையல் மேடையும், எதிர்ப்பக்கத்தில் சன்னல். ஐந்தடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள கட்டிலின் தலைப்பக்கத்தை நீளச் சுவரில் பொருத்தி, சன்னல் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே இரண்டடி விடலாம். கட்டிலின் மறுபக்கத்தில், ஒரு முனை அதே நீளச் சுவரைத் தொடும்படி, 77 செ.மீ. அகலமுள்ள இரண்டு அடுக்குகளைச் சேர்த்து வைத்தால் சுமார் ஐந்தடி நீளத் தடுப்பு கிடைக்கும். அடுக்குக்கு முதுகு காட்டிச் சோபா. படுக்கும் பகுதிக்கு எட்டேகால் அடி போக, புழங்க ஏறத்தாழ பன்னிரண்டடி மிஞ்சும். தடுப்புக்கு அப்பால் உள்ள ஏழடித் திறப்பு வழியே சன்னல் வெளிச்சம் வாசல் வரை வரும். நள்ளிரவில் மின்சாரம் போனாலும், புகை சூழ்ந்தாலும், கட்டிலிலிருந்து கதவுக்குத் தடுமாறாமல் போக இந்தத் திறப்பே வழி. அதன் குறுக்கே டீப்பாயோ நீட்டிப்பு வயரோ கிடக்கக்கூடாது.

சாயும் அபாயம்

சுவரோரம் நிற்கும் அலமாரி ஒரு பக்கம்தான் சாய முடியும். அறை நடுவில் நிற்பது இரு பக்கமும் சாயும். அதில் ஒரு பக்கம் தூங்குகிறவரின் தலை. குழந்தைகள் ஏறிச் சாய்ந்த விபத்துகளையடுத்து, 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. சுவரில் பிணைக்கப்படாமல் இருப்பதே அத்தகைய பெட்டிகளின் ஆபத்து. எனவே தடுப்பின் ஒரு முனையாவது சுவரைத் தொட்டு, 'எல்' வடிவ இரும்புப் பட்டையால் திருகப்பட வேண்டும். இதற்கு இரண்டு துளைகள் போதும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அடுக்குகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து, கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டிலும் துணிக்கூடைகளை மேலேயும் வைக்க வேண்டும். சக்கரம் வைத்த அலமாரி, பூட்டு இருந்தாலும், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல.

தடுப்பால் ஆகாதவை

அறைக்கலன் பார்வையை மறைக்கும், ஒலியை மறைக்காது. இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குபவரும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் ஒரே அறையில் இருந்தால், புத்தகம் நிறைந்த அலமாரி ஓசையைச் சிறிது மந்தப்படுத்தலாம், அவ்வளவே. விளக்குத் தொல்லையைத் தீர்ப்பது எளிது. அறை முழுவதற்கும் ஒரே டியூப் லைட் எரிவதற்குப் பதிலாக, படிப்பவருக்கு மேசை விளக்கும் கட்டிலருகே கைக்கெட்டும் ஒரு சுவிட்சும் இருந்தால் போதும்.

அறை 120, 130 சதுர அடிதான் என்றால் எந்தத் தடுப்பும் நெரிசலையே கூட்டும். அங்கே இடத்தைவிட நேரத்தைப் பிரிப்பதே வழி. பகலில் சுவரோடு நிமிர்த்தி மூடப்படும் கட்டில், அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மர்பியால் பரவி, அவர் பெயராலேயே 'மர்பி கட்டில்' எனப்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் அதே வேலையை, காலையில் சுருட்டி மூலையில் சாத்திவைக்கும் கோரைப்பாய் செய்துவருகிறது.