ராஜா எத்தனை டிகிரியில் விழுவார்?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் இப்படி ஆகிவிட்டது. ஜூலை 14 வந்தால் தாத்தா பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் கருவடிக்குப்பத்துத் திண்ணைதான். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டி. அதற்குள் 32 சதுரங்கக் காய்கள்.

தாத்தா இப்போது இல்லை. பெட்டி அவர் மகள் வீட்டில் இருக்கிறது. போன கோடை விடுமுறையில் என் அக்கா மகளோடு போய் அதைத் திறந்து பார்த்தேன். அவள் ஏழாம் வகுப்பு. பள்ளிப் போட்டிகளில் பிளாஸ்டிக் காயில் ஆடிப் பழகியவள்.

"என்ன மாமா, எல்லாமே ஒல்லியா இருக்கு!" என்றாள். உண்மைதான். ஒவ்வொரு காயும் ஊதுவத்திக்கு இடுப்பு வைத்த மாதிரி இருந்தது. பலகையில் அடுக்கி முடித்தோம். அவள் முழங்கை மேசையில் லேசாக இடித்தது. ராஜா, ராணி, பக்கத்தில் நின்ற மந்திரி என்று மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். அவளுடைய பிளாஸ்டிக் செட் அதே இடிக்கு அசையவே இல்லை.

ஏன் என்று அன்று மாலை முழுக்க நோண்டிப் பார்த்தோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தாத்தாவின் காய்கள் 'ரெஜான்ஸ்' வகை. பாரிஸில் கஃபே த லா ரெஜான்ஸ் என்று ஒரு காப்பிக் கடை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் சதுரங்கக்காரர்கள் எல்லாம் கூடும் இடம் அது. இசையமைப்பாளரும் அக்காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருமான பிலிதோர் அங்கே ஆடினார். எழுத்தாளர் திதெரோ வந்து வேடிக்கை பார்த்தார். அந்தக் கடையின் பெயரே காய்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பார்க்க அழகுதான். ஆனால் காப்பிக் கோப்பையும் கோட்டுக் கையும் உரசும் மேசையில் எத்தனை ராஜாக்கள் தினம் உருண்டிருப்பார்களோ!

இன்று உலகப் போட்டிகளில் நாம் பார்க்கும் வடிவம் வேறு. அது 1849இல் லண்டனில் பிறந்தது. நத்தானியேல் குக் என்பவர் அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி வடிவத்தைப் பதிவு செய்தார். ஜாக்ஸ் நிறுவனம் காய்களைச் செய்தது. ஹோவார்ட் ஸ்டான்டன் என்ற பெரிய ஆட்டக்காரர் தன் பெயரைக் கொடுத்தார். அதனால் அது ஸ்டான்டன் செட். இந்தக் காய்களுக்கு அடிப்பாகம் அகலம்; பழைய செட்களில் அடிக்குள் ஈயமும் இருக்கும்.

இனி சோதனை. ஒரு வழவழப்பான பலகை, கோணமானி, ஒரு தீக்குச்சி போதும். தீக்குச்சியைப் பலகையின் குறுக்கே பசை போட்டு ஒட்டுங்கள். காய் சறுக்கிப் போகாமல் அதுதான் தடுக்கும். ராஜாவைத் தீக்குச்சியில் முட்டும்படி நிறுத்தி, பலகையின் மறுமுனையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். அவர் எந்தக் கோணத்தில் கவிழ்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு துண்டை விரித்துவைக்க மறக்க வேண்டாம். விழுவது அடுத்தவர் வீட்டு ராஜாவாக இருக்கலாம்.

தாத்தாவின் ராஜா 20 டிகிரியில் விழுந்தார். நான் வைத்திருந்த ஸ்டான்டன் ராஜா 40 டிகிரி வரை தாக்குப்பிடித்தார்.

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் கூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதுதான் ஈர்ப்பு மையம். பலகை சாயச் சாய அந்தப் புள்ளி, காயின் அடிவிளிம்பை நோக்கி நகரும். விளிம்பைத் தாண்டிய அந்த நொடியில் காய் கவிழும். ஆகவே காய் விழாமல் நிற்க இரண்டு வழிதான்: அடியை அகலமாக்கு, அல்லது ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கு. ஸ்டான்டன் காய் இரண்டையும் செய்கிறது.

அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். தாத்தாவின் ராஜாவுக்கு அடிவிட்டம் 30 மி.மீ., அதில் பாதி 15. வரைபடத் தாளில் ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். அடிப்பக்கம் 15 மி.மீ., உச்சிக் கோணம் 20 டிகிரி. நிற்கும் பக்கத்தை அளந்தால் 41 மி.மீ. வரும். அதுதான் ஈர்ப்பு மையத்தின் உயரம். என் ராஜாவுக்கு அடிவிட்டம் 40, கோணம் 40. அதே போல வரைந்தால் 24 மி.மீ.தான்! இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒருவருக்கு எடை வயிற்றில், இன்னொருவருக்குப் பாதத்தில்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தட்டிவிட்டு விளையாடியிருப்பீர்கள். அதுவும் இதே வித்தைதான். உருண்டையான அடி, அடியில் கனம். எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்துவிடும். சதுரங்கக் காய்க்கு அந்த அளவு வேண்டாம். ராஜா தலையாட்டிக்கொண்டே இருந்தால் யார் ஆடுவது?

அடிக்குள் ஈயம் என்றேனே, அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மரம் காய்ந்து பல ஆண்டு ஆன பிறகும் மிகச் சிறிய அளவில் அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடும். நம் வீட்டு வினிகரில் இருக்கும் அதே அமிலம். அடைத்துவைத்த குழிக்குள் அந்த ஆவியும் ஈரக்காற்றும் கரியமில வாயுவும் சேர்ந்து ஈயத்தை மெல்ல அரிக்கும். ஈயம் வெள்ளைப் பொடியாக மாறும்; அது ஈயக் கார்பனேட் சேர்மம். பொடிக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். உள்ளே இடமில்லை. எனவே வெளியே தள்ளும். கட்டிய சுவரை ஆலங்கன்று பிளப்பது போல, காயின் அடிப்பாகம் விரிசல் விட்டுவிடும். பழைய காயின் அடியில் கீறலும் அதில் வெள்ளைப் பொடியும் தெரிந்தால் அதைச் சுரண்டாதீர்கள். ஈயம் நஞ்சு, சிறுபிள்ளைகளின் மூளைக்குத்தான் அதிகக் கெடுதல். பெரியவர்களிடம் காட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இப்போது செய்யும் காய்களில் பெரும்பாலும் இரும்பு வைக்கிறார்கள். உள்ளே இருப்பது எது என்று தெரிய வேண்டுமா? பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். இரும்பு ஒட்டும், ஈயம் ஒட்டாது.

அடுத்து மரம். மரக்காய் வாங்கப் போனால் கடைக்காரர் "இது கருங்காலி சார்" என்பார். பாதி நேரம் அது சாயம் ஏற்றிய வெளிர் மரம். எபனி எனும் அசல் கருங்காலி தண்ணீரில் மூழ்கும். ஏனென்றால் அதன் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம். தேக்கு மிதக்கும்; ஒரு லிட்டர் பருமனுள்ள தேக்குக் கட்டை சுமார் 650 கிராம்தான் இருக்கும். அப்படியானால் காயைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடலாமே என்று என் அக்கா மகள் கேட்டாள். நல்ல கேள்வி, மோசமான யோசனை! அடிக்குள் இரும்பு இருந்தால் எந்த மரமும் மூழ்கும். மரமும் ஊறிப் போகும். அடியில் ஒட்டியிருக்கும் கம்பளித் துணியின் ஓரத்தைப் பார்ப்பதே மேல். சாயக் காய் என்றால் அங்கே எங்காவது வெளிர் நிறம் எட்டிப் பார்க்கும். சாயம் ஏற்றியது மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். எபனி சட்டென்று விரிசல் விடக்கூடியது, மரமும் அருகிவிட்டது. நேர்மையாகச் சாயம் என்று சொல்லி விற்றால் அதையே வாங்கலாம். யானைத் தந்தக் காய் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். அதை வாங்குவதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம்.

வெள்ளைக் காய்களுக்கு ஐரோப்பாவில் பாக்ஸ்வுட் மரம். அது மிக மிக மெதுவாக வளரும். அதனால் இழை நெருக்கம், துளைகள் கண்ணுக்கே தெரியாது. தேக்கின் வெட்டுமுகத்தைப் பாருங்கள், ஊசி குத்திய மாதிரி துளைகள் இருக்கும். அதில் ராணியின் கிரீடப் பல்லைச் செதுக்கினால் பெயர்ந்து வந்துவிடும். நம் ஊரில் பாக்ஸ்வுட் என்று விற்பது பெரும்பாலும் ஐரோப்பிய மரம் அல்ல, அதைப் போலவே நெருக்கமான இழையுள்ள உள்நாட்டு மரங்கள். நம் வெட்பாலையும் இந்த ஜாதிதான். கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகள் அந்த மரத்தில் கடைவதுதான்.

கடைவது என்றதும் ஞாபகம் வருகிறது. பம்பரம், மத்து, கட்டில் கால், சொப்புச் சாமான் எல்லாம் எங்கே பிறக்கின்றன? கடைசல் பட்டறையில். சதுரங்கக் காயும் அங்கேதான். கட்டை சுழலும், உளி அசையாமல் தொட்டு நிற்கும், சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். அதனால் எல்லாக் காயும் அச்சு வட்டம் என்றுதானே நினைப்பீர்கள்? தாத்தாவின் ராஜாவின் அடியை வெர்னியர் அளவியால் குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். ஒரு பக்கம் 30.0 மி.மீ., மறுபக்கம் 29.8. வட்டம் அல்ல, நீள்வட்டம்! கடைசல்காரர் மேல் தப்பில்லை. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. வளர்வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த காய் வருஷக்கணக்கில் காய்ந்து சற்றே சப்பையாகிவிடுகிறது. பிளாஸ்டிக் இப்படிச் செய்யாது.

குதிரையை மட்டும் முழுதாகக் கடைய முடியாது. பீடம் கடைசல், தலை கைச்செதுக்கு. ஸ்டான்டன் குதிரைக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏதென்ஸ் பார்த்தினன் கோயிலின் கல்குதிரைதான் முன்மாதிரி என்பார்கள். உலகெங்கும் ஆடப்படும் மரக்காய்களில் பெரும்பங்கு செய்யும் ஊர் நம் அமிர்தசரஸ். பழைய செட்களின் நகல்களும் அங்கே தயாராகின்றன. 1950இல் துப்ரோவ்னிக் ஒலிம்பியாடுக்காகச் செய்து, பாபி பிஷர் ஆசைப்பட்ட செட்டின் நகல்கூடக் கிடைக்கும். ஒரு செட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது குதிரையைத்தான். கண் குழி, பிடரி, இரண்டு காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆகியவற்றில் செதுக்கியவரின் பொறுமை தெரிந்துவிடும். பிறகு மூக்கு. விறகை நெடுக்காகப் பிளப்பது சுலபம், குறுக்காக உடைப்பது கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். காயில் இழை மேலும் கீழுமாக ஓடுகிறது. குதிரையின் மூக்கோ பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கே இழை குட்டையாக வெட்டுப்பட்டிருப்பதால் கீழே விழுந்தால் மூக்குதான் முதலில் போகும். தாத்தாவின் ஒரு குதிரைக்கும் மூக்கு இல்லை.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய்கள் சரியாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் பலகையும் காயும் பொருத்தம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் அளவுப்படி ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., கட்டம் 5 முதல் 6 செ.மீ.

தாத்தா மந்திரியை 'ஃபூ' என்பார். பிரெஞ்சில் அதற்குக் கோமாளி என்று அர்த்தம். அரபியில் யானையைக் குறிக்கும் 'ஃபீல்' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். நாமோ கோபுரம் போல இருக்கும் காயை யானை என்கிறோம். பிரெஞ்சுக்காரர் யானை கோமாளியாகிவிட்டது, நம் ஊர் யானைக்குக் கோபுரம் முளைத்துவிட்டது!

உங்கள் வீட்டில் மரமோ பிளாஸ்டிக்கோ, எந்த ராஜா இருந்தாலும் சரி, தீக்குச்சி ஒட்டிய பலகையில் நிறுத்திப் பாருங்கள். அவர் விழுந்த கோணத்தையும் அடிவிட்டத்தையும் ஒரு கார்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். 40 டிகிரியைத் தாண்டிய ராஜா யார் வீட்டில் இருக்கிறார் என்று பார்ப்போம்.