தண்டுவட நீர் தரும் சான்று

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் அடையாளம் காணப்பட்டது. நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, இந்நோயின் வைரஸைப் பன்றி, நீர்ப்பறவைகளிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவருவதால், மோகனூர், பரமத்தி வேலூர் வாய்க்கால் பாசன ஊர்களிலும், காய்ச்சலோடு வலிப்பு காணும் குழந்தைக்கு இந்நோய் உண்டா என்று பார்ப்பது இன்றியமையாதது.

கீழ்முதுகில் ஊசி செலுத்தி எடுக்கப்படும் தண்டுவட நீரில், தொற்றின் தொடக்கத்தில் உடல் உண்டாக்கும் ஐஜிஎம் என்னும் எதிர்ப்புரதம் உள்ளதா என்பதை எலைசா சோதனை காட்டுகிறது. குருதியிலிருந்து மூளைப்பகுதிக்குள் எளிதில் நுழைய இயலாத இப்பெரிய மூலக்கூறு அந்நீரில் காணப்படின், தொற்று மூளையை எட்டியதற்கு அது குருதிச் சோதனையினும் வலுவான சான்றாகும். நோயின் முதல் சில நாட்களில் அது புலப்படாமலும் போகலாம். அப்போது மறுசோதனை தேவைப்படும்.

தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. ஆகவே, கால் விழுந்துவிடும் என்று அஞ்சிப் பெற்றோர் இச்சோதனையை மறுக்க வேண்டாம்.