உறங்குபவன் செய்த கொலை

கொலையாளி யார் என்பதை இறுதியில் அறிவித்து முடிவது துப்பறியும் படங்களின் இயல்பு. குற்றவாளி அகப்பட்டதும் நம் மனம் அமைதி அடைகிறது. ஆனால், குற்றவாளி யார் என்று சொன்ன பிறகு, அதைச் சொன்னவனையே நம்பலாமா என்ற ஐயத்தை எழுப்பி முடிகிற படங்களும் உண்டு. அவற்றுள் முன்னோடியாக விளங்குவது, 1920-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெர்லின் நகரில் வெளியான 'டாக்டர் காலிகரியின் காட்சிக்கூடம்' என்னும் ஜெர்மானியப் பேசாப்படம்.

இதன் கதையை எழுதியவர்கள் ஹான்ஸ் யானோவிட்ஸ், கார்ல் மேயர் என்னும் இருவர். இயக்கியவர் ராபர்ட் வீனே. முதல் உலகப் போர் 1918-இல் முடிந்து, தோல்வியும் வறுமையும் ஜெர்மனியை வாட்டிய காலம் அது. யானோவிட்ஸ் அப்போரில் படை அதிகாரியாக இருந்து, போரையே வெறுத்துத் திரும்பியவர். இச்செய்தியை மனத்திற் கொண்டு படத்தைக் காணுதல் வேண்டும்.

பூங்கா ஒன்றில் அமர்ந்திருக்கும் பிரான்சிஸ் என்னும் இளைஞன், அருகிலுள்ள முதியவருக்குத் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். ஹோல்ஸ்டன்வால் என்னும் சிற்றூரில் சந்தை கூடுகிறது. காலிகரி என்பவர் அங்கே காட்சி நடத்த அனுமதி கேட்டு நகர அலுவலரிடம் செல்கிறார். உயர்ந்த முக்காலியில் வீற்றிருக்கும் அலுவலர் அவரை மதியாது காக்க வைக்கிறார். மறுநாட் காலையில் அவ்வலுவலர் கொலையுண்டு கிடக்கிறார். காலிகரியின் காட்சிப் பொருளோ செசாரே என்னும் மனிதன். இருபத்து மூன்று ஆண்டுகளாக உறங்குபவன் என்றும், வருவதுரைக்க வல்லவன் என்றும் அவனைப் பற்றி அறிவிக்கிறார்கள். பிரான்சிஸின் நண்பன் ஆலன், 'நான் எத்துணைக் காலம் வாழ்வேன்?' என்று விளையாட்டாக வினவுகிறான். 'விடியும் வரை' என்பதே விடை. விடிவதற்குள் ஆலன் கொல்லப்படுகிறான்.

துயில் கலையாமலே நடந்து சென்று, எசமானின் ஏவலால் கொலை புரிபவன் செசாரே. ஜேன் என்னும் பெண்ணைக் கொல்ல ஓங்கிய அவன் கை மட்டும் தயங்குகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, துரத்துவோர் நெருங்கவே கீழே விட்டு, தானும் விழுந்து மடிகிறான். பிரான்சிஸ் காலிகரியைப் பின்தொடர்ந்து ஒரு மனநோய் மருத்துவமனையை அடைகிறான். அங்கே தலைமை மருத்துவராக வீற்றிருப்பவரே காலிகரி! பழைய நூலொன்றிற் படித்த காலிகரி என்பவனைப் போல் தாமும் ஆகவேண்டும் என்ற வெறி அவரைப் பற்றியிருக்கிறது. உண்மை வெளிப்பட்டதும் அவரைக் கட்டி அடைக்கிறார்கள்.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் நீதி வென்றது எனலாம். ஆனால் காட்சி மாறுகிறது. பிரான்சிஸே அம்மருத்துவமனையின் நோயாளி என்று அறிகிறோம். ஜேன் தன்னை அரசி என்று எண்ணியிருக்கும் மற்றொரு நோயாளி. இறந்ததாகச் சொன்ன செசாரே, கையில் மலருடன் அமைதியாக நிற்கிறான். தலைமை மருத்துவர் மேல் பாய்ந்த பிரான்சிஸைப் பிடித்துக் கட்டுகிறார்கள். 'என்னைக் காலிகரி என்று இவன் எண்ணுகிறான். இனி இவனைக் குணப்படுத்தும் வழி தெரிந்தது' என்கிறார் மருத்துவர். அப்பொழுது அவர் முகத்தில் தோன்றுவது கருணையா, வேறொன்றா என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

இந்த ஐயத்தை வளர்ப்பதிற் பெரும்பங்கு ஓவியத்திற்கு உண்டு. ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்னும் மூவர் அரங்குகளை அமைத்தனர். வீடுகள் சாய்ந்தும், சாளரங்கள் கோணியும், தெருக்கள் கூர்மையாக வளைந்தும் காணப்படும். நிழல்களிற் பலவற்றை விளக்கொளியால் உண்டாக்காமல், தூரிகையால் தீட்டியே வைத்தனர். கண் காணும் உலகை விடுத்து உள்ளம் உணரும் உலகைத் தீட்டுகிற ஓவிய முறை அது. பித்தன் கண்ட உலகம் ஆதலால் கோணலாக இருக்கிறது என்று நாம் அமைதி கொள்ள முற்படலாம். ஆயினும் கதை முடிந்து நனவுலகிற்குத் திரும்பிய பின்னரும், மருத்துவமனை முற்றத்தின் கோணல் நிமிரவில்லை. அவ்வாறாயின் பித்து யாருடையது?

இம்முடிவு பெருவாதத்திற்கு இடமளித்தது. சீக்ஃப்ரீட் கிராக்கவர் என்னும் அறிஞர் 1947-இல் வெளியிட்ட நூலில், ஆணவமிக்க அதிகாரத்தைக் கண்டித்து எழுதப்பட்ட கதையை, கண்டிப்பவனே பித்தன் என்று முடித்துத் தலைகீழாக்கிவிட்டனர் என்று குறைகூறினார். காலிகரியிடம் பின்னாளைய சர்வாதிகாரியின் நிழலை அவர் கண்டார். பிற்காலத்தில் வெளிப்பட்ட மூலப் பிரதியிலும் ஒரு முன்கதை இருந்தது. ஆனால் அதில் பிரான்சிஸ் பித்தன் அல்லன், நண்பர்களுக்குப் பழைய நிகழ்ச்சியை எடுத்துரைக்கும் இல்லறத்தான். ஆகவே, கிராக்கவர் கூற்று முழுவதும் பொருந்தாவிடினும், அவர் சுட்டிய மாற்றம் மெய்யே.

படத்தில் நடித்தோர் வாழ்வும் சிந்திக்கத்தக்கது. செசாரேயாக நடித்த கொன்ராட் ஃபைட், நாஜிகள் ஆட்சியேறிய 1933-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். காலிகரியாக நடித்த வெர்னர் கிராவுஸோ, 1940-இல் யூதரை இழித்துரைக்கும் நாஜிப் பிரசாரப் படமொன்றில் நடித்தார். ஏவலாளாக நடித்தவர் ஏவலுக்குப் பணியவில்லை. ஏவியவராக நடித்தவர் பணிந்தார்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இப்படத்தில் ஒரு வசதி உண்டு. பேச்சே இல்லாத படம். இடையிடையே வரும் எழுத்துப் பலகைகளின் பொருளை மட்டும் அறிந்தால் போதும். கொல்கத்தாவில் வங்காளியர் நடுவிலோ, மும்பையில் மராட்டியர் நடுவிலோ அமர்ந்து அவர்களுக்குச் சமமாகச் சுவைக்கலாம். பழைய வண்ணச் சாயல்களோடு புதுப்பித்த பிரதி 2014-இல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதனைத் தேடிக் காண்பது நன்று.

காணும்போது இரண்டு வினாக்களை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உறக்கத்தில் ஏவலுக்குக் கீழ்ப்படிந்து கொன்றவனுக்குக் குற்றம் உண்டா? குற்றம் சாட்டியவனைப் பித்தன் என்று சொல்லிவிட்டால், குற்றம் இல்லாது போய்விடுமா? முதல் வினாவைப் போரிலிருந்து மீண்ட வீரர் பலரும் தம்மைத் தாமே கேட்டிருக்கக் கூடும். இரண்டாவது வினா, அதிகாரமும் முறையீடும் உள்ள எந்த நாட்டிற்கும் உரியது. படம் இரண்டிற்கும் விடை கூறவில்லை. பார்ப்பவர் தம் அறிவைத் துயில விடாது தாமே தேடிக்கொள்ளுமாறு விட்டிருக்கிறது.