உணவைத் தேடுமுன் மக்களைத் தேடுக



ஆசியக் கண்டம் மிகப் பரந்தது. அதன் பல நாட்டு உணவுகளைச் சுவைத்துப் பார்க்க நாம் கப்பல் ஏற வேண்டுவதில்லை. நம் நகரங்களிலேயே அவை கிடைக்கின்றன. ஆனால், நல்ல உணவுச்சாலை எது என்று எவ்வாறு அறிவது? பெயர்ப்பலகையின் பளபளப்பு அதனைக் கூறாது. அதற்குரிய வழியொன்றை இன்று காண்போம்.

அவ்வழியை நம் வட்டாரமே கற்பிக்கிறது. வாலாஜாபாத்தில் வாழும் நமக்குக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி புதிதன்று. மிளகு, சீரகம், சுக்கு ஆகியவை சேர்ந்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பர். இலையின் மணம் இட்லியில் ஏறிவிடும். வெளியூர்களில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று கிண்ணத்தில் வார்த்துத் தருவதை உண்டால், வேறுபாடு நமக்கு உடனே புலனாகும். ஏன்? நாம் அதனை அதற்குரிய இடத்தில் உண்டு பழகியவர்கள். அவ்வாறே, பிற நாட்டு உணவின் தரத்தை அந்நாட்டில் வாழ்ந்தவரே நன்கு அறிவர். ஆகவே, உணவைத் தேடுமுன் மக்களைத் தேடுங்கள். யார் நம் நகருக்கு வந்தனர், எப்போது வந்தனர், ஏன் வந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை கண்டால், நல்ல உணவுச்சாலையின் வாயிலை அடைந்துவிடுவோம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டபின், தமிழர் பலர் வணிகராகவும் உழைப்பாளராகவும் அங்குச் சென்று குடியேறினர். 1962-இல் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-இல் கடைகள் நாட்டுடைமையாயின. பிழைப்பை இழந்த இந்தியர் இலட்சக்கணக்கில் தாயகம் திரும்பினர். தேடிய செல்வத்தை அவர்களால் உடன் கொண்டுவர இயலவில்லை. கற்ற சமையலை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை. அவர்களுடைய மறுவாழ்வுக்காகச் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே 1969-இல் பர்மா பஜார் தோன்றியது. அதனை அடுத்த தெருக்களில் இன்றும் மாலை வேளையில் ‘அத்தோ’ விற்கும் வண்டிகளைக் காணலாம்.

கையால் பிசைந்த கலவை என்பதைக் குறிக்கும் பர்மியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். வெந்த நூடுல்ஸுடன் நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்னும் மொறுமொறுப்பான வடை ஆகியவற்றைச் சேர்த்து, கேட்ட அப்பொழுதே பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டுச் சாறு வரும். பர்மாவின் ‘மொகிங்கா’ என்னும் மீன்சாற்றிலும் வாழைத்தண்டு உண்டு. சென்னை வண்டிகள் பலவற்றில் மீன் நீங்கிவிட்டது, தண்டு நிலைத்துவிட்டது. இடத்திற்கேற்ப உணவு மாறுவது குறையன்று. அதுவும் ஒரு வரலாறே.

பர்மாவிலிருந்து வந்தோர் துன்பத்தால் வந்தனர். தொழிலுக்காக வந்தோரும் உளர். அவர்களைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் செல்லும் சாலையிலுள்ள ஒரகடத்தில் 2010-இல் நிஸான், ரெனோ நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பொறிஞர்கள் வந்தனர், அவர்களுக்குச் சமைப்போரும் வந்தனர். அதனால் இவ்வட்டாரத்தில் கொரிய, ஜப்பானிய உணவுச்சாலைகள் எழுந்தன.

கொரியர் சோற்றுடன் ‘கிம்சி’ உண்பர். முட்டைக்கோசு வகையையோ முள்ளங்கியையோ உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைப்பதே கிம்சி. சோறும் காரமும் புளிப்பும் நமக்கும் உரியவையல்லவா? அவர்களுடைய மிளகாயும் நம்முடைய மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவையே.

இனி, நல்ல கடையை அறிய மூன்று அடையாளங்களைக் கூறுவேன். முதலாவது, அந்நாட்டினரோ அந்நாட்டில் வாழ்ந்தவரோ அங்கே விரும்பி உண்கின்றனரா என்று பாருங்கள். இரண்டாவது, உணவுப்பட்டியல் சுருக்கமாக உள்ளதா என்று நோக்குங்கள். பத்து நாட்டு உணவையும் ஒரே அடுப்பில் சமைப்பவர் எதிலும் தேர்ச்சி பெறுதல் அரிது. மூன்றாவது, தூய்மை. பச்சைக் காய்கறி சேரும் உணவுக்குக் கையும் நீரும் தூயனவாக இருத்தல் இன்றியமையாதது.

உங்களிடம் இருக்க வேண்டியதும் ஒன்றுண்டு. புதிய மணத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். நம் கருவாட்டின் மணமும் ஊறுகாயின் மணமும் அயலார்க்குப் புதியனவே. உண்டு முடித்தபின், “ஐயா, இதனை எங்கே கற்றீர்கள்?” என்று பணிவுடன் கேளுங்கள். பர்மாவிலிருந்து வந்த முதல் தலைமுறையினர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். கேட்பார் இல்லையேல், அவர்தம் கதையும் கைப்பக்குவமும் அவர்களுடனே மறைந்துவிடும். பாடநூல் ஒரு வரியில் கூறிச்செல்லும் வரலாற்றை, அவ்வண்டியருகே நின்று அவர்கள் வாயாலேயே நீங்கள் கேட்கலாம்.